பன்னிரண்டாம் நம்பர் மறைப்பில் ஒன்றும் வராது

சியூ அக்கா வேனை விட்டு இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "நீலப்பிடரி வருதா?"

வணக்கம் இல்லை, தண்ணீர் கேட்கவில்லை. செங்து நகரத்திலிருந்து விமானம், அதற்குப் பிறகு அரை நாள் மலைப்பாதை. வழியெல்லாம் வாந்தி என்று டிரைவர் எனக்குக் கண்ணாலேயே சொன்னான். அப்படியும் லென்ஸ் பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். பார்வையில் இன்னும் சிக்னல் தேடும் பழக்கம் போகவில்லை.

"வராம என்னக்கா? தினமும் வருது. நேத்துக்கூட வந்து உங்களைப் பத்தி விசாரிச்சிட்டுப் போச்சு."

"பேச்சு வேண்டாம் முதலாளி. நாளைக்கு ஒரு நாள்தான் எனக்கு. மறுநாள் விமானம். அதுக்கப்புறம் முட்டி ஆபரேஷன். இந்த மாதிரி மலை ஏறுறது இதுதான் கடைசி."

நீலப்பிடரி என் குட்டைக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் மனைவி அசிமா வீட்டை விட்டுப் போனதும் அதே சமயம்தான். இரண்டும் சேர்ந்து போனதால் எதற்கு அதிகமாக வருத்தப்படுவது என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

நீலப்பிடரி ஆறுமணிக்குருவி வகையறா. முதுகு பச்சை, வயிறு காவி, பின்கழுத்தில் மட்டும் யாரோ நீல மையைக் கொட்டிவிட்டுத் துடைக்க மறந்த மாதிரி இருக்கும். வால் என்று ஒன்று இருக்கிறது, பேருக்கு. மூங்கில் புதரடியில், வெளிச்சம் எட்டாத இடத்தில், சருகைப் புரட்டிக்கொண்டு தரையோடு தரையாகத் துள்ளித் திரியும். அதைப் பார்த்தவர்கள் குறைவு. படம் எடுத்தவர்கள் அதைவிடக் குறைவு. எடுத்துவிட்டு அதைப் பற்றி வாயை மூடிக்கொண்டு இருந்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

எங்கள் ஊரில் பாதி வீட்டுக்கு இதுதான் பிழைப்பு. காட்டுக்குள் ஒரு சின்னக் குட்டை, அதற்கு எதிரே பச்சை வலை கட்டிய மறைப்பு, வலையில் லென்ஸ் நீட்ட ஓட்டைகள், காசு கொடுத்துப் படம் எடுக்க வரும் விருந்தாளிகள் உட்கார பிளாஸ்டிக் ஸ்டூல்கள். மழைக்கு முந்தைய மாதங்களில் காடு காய்ந்து கிடக்கும்போது பறவைகள் குட்டைக்கு வரும். மாவில் வளர்த்த ரொட்டிப்புழுவும் இரையாகப் போட்டு வைப்போம். ஒவ்வொரு மறைப்புக்கும் ஊர்க் கமிட்டி நம்பர் கொடுத்துப் பலகை அடித்திருக்கிறது. எங்களுடையது பன்னிரண்டு.

சண்டைக்குக் காரணம் என் கலை உணர்ச்சி.

எங்கள் குட்டையோரம் ஒரு மக்கிப்போன கட்டை கிடந்தது. அசிமா போட்டது. பறவைகள் அதில்தான் வந்து உட்காரும். குவாங்சோவிலிருந்து வந்த ஒரு விருந்தாளி, "பறவை அழகு, கட்டைதான் பன்றி கடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உறைத்தது. அடுத்த பள்ளத்திலிருந்து பாசி படர்ந்த அடிமரம் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தேன். பெரணி நட்டேன். பூத்த ஆர்க்கிட் மூன்றைக் கம்பி வைத்துக் கட்டினேன். படம் போட்டதும் ஆள் குவிந்தது. ஸ்டூல் பற்றவில்லை.

அசிமா வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"இது குட்டையா? கல்யாண மேடை மாதிரி இருக்கு. மாப்பிள்ளை எங்க, நீயா?"

"உனக்கு ரசனை இல்ல."

"இருந்திருந்தா உன்னைக் கட்டியிருப்பேனா?"

இந்த இடத்தில் சிரித்திருந்தால் கதை முடிந்திருக்கும். நான் சிரிக்காமல் பதில் சொன்னேன். பதிலுக்கு அவள், அதற்கு நான், கடைசியில் அவள் புழு டப்பாவை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். துணிமணியை விட்டுவிட்டுப் புழுவை எடுத்துக்கொண்டு போகிற பெண் எங்கள் ஊரில்தான் இருப்பாள். போனவள் சும்மா இருந்தாளா? மேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் அண்ணன் ஆபெயின் ஏலக்காய்த் தோட்டத்து ஓரத்தில் ஒரு குட்டை தோண்டி, கமிட்டியில் பேசி நம்பர் வாங்கிவிட்டாள். முப்பத்தொன்று. நாலாம் நாள் நீலப்பிடரி அங்கே வந்துவிட்டது.

ஊர் முழுக்க ஒரே பேச்சு. "அவூ பெண்டாட்டி போனா பரவாயில்ல, பறவையையும் ஜீவனாம்சமா கூட்டிட்டுப் போயிட்டா." அவூ என்பது நான்.

ஆக, சியூ அக்காவை மறுநாள் விடியலில் என் கல்யாண மேடைக்கு எதிரே உட்கார வைத்தபோது என் நிலைமை இதுதான். என்னிடம் குட்டை இருந்தது, அலங்காரம் இருந்தது, பெண்ணும் மாப்பிள்ளையும் இல்லை.

வெளிச்சம் வந்தது. அக்கா ட்ரைபாடில் லென்ஸை ஏற்றி, வலைக்கு வெளியே நீட்டி, விரலை பட்டனில் வைத்தார். அதன்பின் சிலை. நான் எத்தனையோ விருந்தாளிகளைப் பார்த்திருக்கிறேன். மூச்சு விடுவதைக்கூட ஏதோ சலுகை மாதிரி எடுத்துக்கொள்பவரை அன்றுதான் பார்த்தேன்.

அணில் வந்தது. போனது. சிலம்பன் குருவிக் கூட்டம் ஒன்று வந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிவிட்டு, ஊர்க் கூட்டம் மாதிரி முடிவெடுக்காமல் கலைந்தது. மறுபடி அணில்.

"முதலாளி," என்றார் அக்கா, உதடு அசையாமல். "அணில் எங்க ஊர்ப் பூங்காவுலயே இருக்கு."

"நேரம் ஆகல அக்கா. அது கொஞ்சம் லேட்டாத்தான் எழும்."

சொல்லிவிட்டு வெளியே நழுவினேன். என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. அசிமா தினமும் காலையில் குட்டைக்கு வரும்போது காலால் சருகைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு நடப்பாள். ஒரு தரம் இருமுவாள். அப்புறம் புழுவைப் போடுவாள். பறவை அந்தச் சத்தத்துக்குப் பழகியிருந்தது. அவளுடைய ஊதா மழைக்கோட்டும் நீல ரப்பர் பூட்ஸும் மறைப்புக்குப் பின்னால் ஆணியில் தொங்கின. நான் கோட்டை மாட்டினேன். தோள்பட்டையில் தையல் விட்டது. பூட்ஸில் விரல் வரைக்கும்தான் கால் போனது, குதிகால் வெளியே. தலையில் அவள் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு, இடுப்பை ஒரு தினுசாக வைத்துக்கொண்டு, குட்டைப் பக்கம் நடந்தேன். சரக். சரக். இருமினேன். அசிமாவின் இருமல் மாதிரி வரவில்லை, தொண்டையில் எலும்பு மாட்டிய மாதிரி வந்தது. இன்னொரு தரம் மென்மையாக இருமினேன். ஈரப் பாறையில் பூட்ஸ் வழுக்கியது. நான் கட்டிய ஆர்க்கிட் மேலேயே உட்கார்ந்தேன்.

அணில் மட்டும் மரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தது.

வலைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "முதலாளி, அந்த அம்மாவைக் கொஞ்சம் எழுந்து போகச் சொல்லுங்க. பாவம், உடம்பு சரியில்ல போல."

"சரிங்கக்கா," என்றேன், ஊதாக் கோட்டுக்குள்ளிருந்து.

பிறகு வலை குலுங்க ஆரம்பித்தது. அத்தனை பெரிய லென்ஸும் சேர்ந்து குலுங்கியது. ரயில் ஓட்டியவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

அந்தச் சமயம் பார்த்துக் கேட்டது. இரண்டு விசில். குட்டையாக, ஈரமாக, ஒன்றன்பின் ஒன்று. மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

சிரிப்பு வெட்டினாற்போல் நின்றது. அக்கா வலையை விலக்கித் தலையை நீட்டினார். கண்ணெல்லாம் நீர், ஆனால் முகம் வேறு முகம்.

"நீலப்பிடரி."

"ஆமா."

"அங்க கூப்பிடுது."

"ஆமா."

"அங்க யாரோட மறைப்பு?"

ஈர ஆர்க்கிட்டைக் காற்சட்டையிலிருந்து பிடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டை, கல்யாண மேடை, புழு டப்பா, முப்பத்தொன்று. நான் சொல்லி முடிப்பதற்குள் அக்காவின் கேமரா பைக்குள், லென்ஸ் உறைக்குள், ட்ரைபாட் மடக்கித் தோளில்.

"உன் கல்யாணத்தை நீ பாத்துக்க. எனக்குப் பறவை வேணும். நட."

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவன் மறைப்புக்குக் கூப்பிடாமல் போகக்கூடாது. போனால் விருந்தாளியைத் தட்டிப் பறிக்க வந்தவன் என்று அர்த்தம். அதிலும் பெண்டாட்டியின் மறைப்புக்கு, விருந்தாளியோடு, ஊதாக் கோட்டோடு. கோட்டைக் கழற்றலாம் என்றால் தையல் விட்ட இடத்தில் ஜிப் மாட்டிக்கொண்டது. அக்கா நிற்கிற மாதிரி இல்லை. முட்டி வலி என்றவர் மேட்டில் ஆடு மாதிரி ஏறினார். இன்னொரு தரம் இரட்டை விசில் கேட்டது, இப்போது கிட்டத்தில். என் நெஞ்சும் அடித்துக்கொண்டது. அதற்குப் பறவை மட்டும் காரணம் இல்லை.

ஏலக்காய்ச் செடிகள் முடிகிற இடத்தில் ஆபெ வழிமறித்து உட்கார்ந்திருந்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"வா தங்கச்சி," என்றான் மெல்ல.

"மச்சான், நேரமில்ல. விருந்தாளி. ஒரு ஸ்டூல் போதும்."

"முன்பதிவு இருக்கா?"

"மச்சான்."

"கேக்கறது என் கடமை மாப்ளே. நம்ம முதலாளியம்மா ரொம்பக் கண்டிப்பு."

முதலாளியம்மா வந்தாள். வலைக்குப் பின்னாலிருந்து சத்தமில்லாமல், கையில் புழு டப்பாவோடு. முதலில் சியூ அக்காவைப் பார்த்தாள். பிறகு என்னை, கோட்டை, பூட்ஸை, வெளியே நின்ற குதிகாலை. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். திட்டுவாள் என்றும் தயாராக இருந்தேன். இரண்டும் நடக்கவில்லை. முகம் வெளுத்தது.

"நீங்க எங்கிருந்து வர்றீங்க?" என்று கிசுகிசுத்தாள்.

"பன்னண்டுல இருந்துதான். காலையிலேருந்து அங்கதான்..."

"விருந்தாளியோடயா? காலையிலேருந்தா?"

"ஏன், என் மறைப்புக்கு நான் போகக்கூடாதா?"

அவள் அக்காவுக்கு உள்ளே கைகாட்டினாள். என் காதைப் பிடித்து, நிஜமாகவே காதைப் பிடித்து, இழுத்துக்கொண்டு போய் வலையின் கோடியில் இருந்த ஸ்டூலில் அமுக்கினாள்.

"வாயைத் தொறந்தே, புழுவை அதுக்குள்ள கொட்டுவேன்."

உள்ளே குன்மிங்கிலிருந்து வந்த யான் என்கிற பல் டாக்டர் ஒருவர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து ஓட்டையில் சியூ அக்கா லென்ஸை நீட்டினார். நானும் என் முன்னால் இருந்த ஓட்டையில் கண்ணை வைத்தேன். ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருடம் மறைப்பு வைத்திருக்கிறேன், விருந்தாளியாக உள்ளே உட்கார்ந்ததே கிடையாது. வெளியே தண்ணீர் சுமப்பேன், சோறு சுமப்பேன், லென்ஸ் சுமப்பேன். இந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் உலகம் எப்படி இருக்கும் என்று தெரியாது.

குட்டை ஒன்றும் பிரமாதம் இல்லை. தட்டு அளவு தண்ணீர். பக்கத்தில் பன்றி கடித்துப் போட்ட மாதிரி ஒரு கட்டை. சருகு. அவ்வளவுதான்.

அசிமா காலைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். சரக், சரக். இருமினாள். அது இருமல். நான் இருமியதெல்லாம் என்ன என்று அப்போது புரிந்தது. புழுவைச் சருகுக்கு நடுவில் தூவிவிட்டு மறைந்தாள்.

காத்திருந்தோம். டாக்டரின் வயிறு ஒரு தரம் முனகியது. அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார், வயிறு அடங்கியது.

மூங்கில் அடியில் ஒரு சருகு தானாகப் புரண்டது.

பிறகு இன்னொன்று. அப்புறம் இருட்டுக்குள் ஒரு துண்டு நீலம் நகர்ந்தது. ஒரு துள்ளல். நின்றது. இன்னொரு துள்ளல். பாதி உடம்பு வெளிச்சத்தில், பாதி புதருக்குள். அக்காவின் விரல் பட்டனின் மேல் இருந்தது, அழுத்தவில்லை. வா, வா, இன்னும் ஒரு துள்ளல். நான் சொல்லவில்லை, மனசுக்குள் கத்தினேன். பறவை கழுத்தைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தது. கறுப்பு உருண்டைக் கண். அந்தக் கண் என்னை மட்டும் பார்க்கிற மாதிரி இருந்தது, கோட்டை அடையாளம் கண்டுகொண்டதோ என்னவோ. பிறகு ஒரே துள்ளலில் கட்டையின் மேல் வந்து நின்றது. முழுசாக. வெயில் துண்டு ஒன்று சரியாக அந்த நீலத்தில் விழுந்தது.

அப்போதுதான் இரண்டு கேமராவும் வெடித்தன. பட்டாசுக் கட்டுக்கு நெருப்பு வைத்த மாதிரி. அக்காவின் விரல் பட்டனை விட்டு எழவே இல்லை.

எனக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போல் இருந்தது. கையைக் கடித்துக்கொண்டேன்.

பறவை கீழே இறங்கி ஒரு புழுவை எடுத்தது. விழுங்கவில்லை. அதை வாயில் வைத்துக்கொண்டே இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அலகின் இரண்டு பக்கமும் புழுக்கள் தொங்க, மீசை வைத்த மாதிரி ஆகிவிட்டது. அந்த மீசையோடு மேட்டுப் பக்கம் துள்ளிப் போனது. கொஞ்ச நேரத்தில் மீசை இல்லாமல் திரும்பி வந்தது. மறுபடி அள்ளியது. மறுபடி அதே மேடு.

எனக்கு மூளை மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஓடும். தனக்குச் சாப்பிட வந்த பறவை இப்படி அள்ளாது. இது வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போகிறது. மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? பன்னிரண்டு இருக்கிறது.

"ஏ அசி," என்று வாயைத் திறந்தேன்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து என் வாயைப் பொத்தியது. புழு வாடை. அப்படியே என்னைப் பின்னால் இழுத்து, வலைக்கு வெளியே, ஏலக்காய்ச் செடிகளுக்குள் கொண்டுபோனாள்.

"கூடு இருக்கா?" என்றேன் கைக்கு அடியிலிருந்து.

அவள் கையை எடுத்தாள். "உன் மறைப்புக்குப் பின்னாடி. நீ தினமும் ஒண்ணுக்குப் போற இடத்துக்கு அந்தப் பக்கம், மூங்கில் குத்துல. கவுத்து வெச்ச சட்டி மாதிரி இருக்கு. உனக்குத் தெரியல."

"நான் அங்க போறது பறவை பாக்கவா?"

"நீ மேடை கட்டி ஆள் சேத்த வாரம்தான் அது கூடு கட்ட ஆரம்பிச்சுது. ஆளுங்க வந்துக்கிட்டே இருந்தா அப்படியே விட்டுட்டுப் போயிடும். கூடு இருக்குன்னு வெளிய தெரிஞ்சா அதைவிட மோசம். கூட்டைப் படம் எடுக்கக்கூடாதுன்னு கமிட்டி தடை போட்டிருந்தா மட்டும் யாரு கேக்கறாங்க? இலையை வெட்டி, முள்ளை ஒதுக்கி, குஞ்சு வாயைத் தொறக்கிற படம் எடுத்துட்டுத்தான் போவாங்க. பன்னண்டு காலியாகணும். அதுக்கு ஒரு சண்டை வேணும்னு தோணிச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அவள் என்னைப் பார்த்தாள். "நான் முழுகாம இருக்கிறதை எங்கம்மாகிட்ட யாரு சொன்னது?"

"நான்."

"எனக்கே அப்ப சரியாத் தெரியாது."

ஊருக்கு ஒலிபெருக்கி வாங்க வேண்டாம், அவூ இருக்கிறான் என்பது கமிட்டியிலேயே சொல்லும் பேச்சு. விடியலில் ஊதாக் கோட்டோடு நான் போட்ட ஆட்டத்தை நினைத்தேன். கூட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருமினேன், எவ்வளவு பக்கத்தில் விழுந்தேன்.

"அது கூட்டை விட்டுட்டுப் போயிருந்தா?"

"போகல. இன்னும் இரை கொண்டுபோகுதே. நீங்க ரெண்டு பேரும் அங்கிருந்து வர்றீங்கன்னதும் எனக்கு உயிரே இல்ல." குரல் கொஞ்சம் இளகியது. "குஞ்சு வெளிய வர இன்னும் கொஞ்ச நாள். அதுவரைக்கும் உன் வாய் தாங்குமா?"

"அப்ப நம்ம சண்டை பொய்தானா?"

"பாதி."

"எந்தப் பாதி?"

அவள் அதற்குள் போய்விட்டாள்.

மதியம் ஆபெ கூடையில் சோறு கொண்டுவந்தான். புளித்த மூங்கில் குருத்தோடு கோழி. வலைக்குத் தள்ளி, பாதை வளைவில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தோம். சியூ அக்கா சாப்பிடவில்லை. கேமராவின் பின்திரையைப் பார்ப்பார், அணைப்பார், மறுபடி பார்ப்பார். பல் டாக்டர் மூன்றாம் தரம் சோறு வாங்கிக்கொண்டு என் பக்கம் நகர்ந்தார். நல்ல மனிதர். ஆனால் பல்லில் ஓட்டை தேடுகிறவருக்கு எதிலும் ஓட்டை தெரிந்துவிடும்.

"அவூ அண்ணே, அந்தப் பறவை புழுவை முழுங்கவே இல்ல, கவனிச்சீங்களா? குஞ்சு இருக்கு போல. மேட்டைத் தாண்டித்தான் போகுது. அந்தப் பக்கம் உங்க மறைப்புதானே?"

ஆபெ மெல்லுவதை நிறுத்தினான். அசிமாவின் கையில் இருந்த கரண்டி பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. சியூ அக்கா திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். அவருக்கும் புரிந்திருந்தது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. எல்லாரும் என் வாய்க்காகக் காத்திருந்தார்கள். பேசாமல் இருந்தால் டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். நான் பேசாமல் இருப்பதே பெரிய துப்பு.

ஆகவே பேசினேன்.

"அந்தப் பக்கமா? டாக்டர், அந்தப் பக்கம் இன்னிக்கு விடியக்காலையில ஒரு பூதம் நடந்துச்சு. ஊதா கலர்."

எழுந்து நின்று செய்தே காட்டினேன். பூட்ஸில் நுழையாத குதிகால், இடுப்பு, முக்காடு, இருமல். ஆர்க்கிட்டின் மேல் எப்படி உட்கார்ந்தேன் என்பதைச் சோற்றுக் கூடையின் மேல் உட்கார்ந்து காட்டினேன். நடக்காததும் கொஞ்சம் சேர்த்தேன். அணில் என்னைப் பார்த்து வெட்கப்பட்டது என்றேன். அட்டை ஒன்று கோட்டுக்குள் போய் எங்கே கடித்தது என்று சொன்னேன், அதைத் திரும்பச் சொல்ல மாட்டேன். டாக்டர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"பெண்டாட்டி போனா, பறவை போச்சு, மானம் போச்சு," என்று முடித்தேன். "என் குட்டைப் பக்கம் ஒரு இறகு விழுந்திருந்தாகூட, இந்தக் கோட்டோட வந்து, இவ கையால சோறு வாங்கித் தின்னுக்கிட்டு இங்க உக்காந்திருப்பேனா? அது மேடு வரைக்கும் போயி ஓடைப் பக்கம் இறங்கிடுது டாக்டர். அங்க மனுஷன் கால் வைக்க முடியாது. பன்னண்டுல ஒண்ணும் வராது."

"நான் சாட்சி," என்றார் சியூ அக்கா, சாந்தமாக. "காலையிலேருந்து உக்காந்தேன். ஒரு அணில். ஒரு அம்மா."

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த அம்மாவைப் பாக்க நான் காசு கொடுத்தே வருவேன் அண்ணே," என்றார். ஓடையைப் பற்றியோ மேட்டைப் பற்றியோ அதன்பின் அவர் கேட்கவில்லை.

அசிமா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏலக்காய்ச் செடியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

சாயங்காலம் வேனில் ஏறும்போது சியூ அக்கா என் கையைப் பிடித்தார். "ரயில் ஓட்டும்போது வழியில பார்த்த எதையும் நான் வீட்டுல சொன்னதில்ல. இதையும் சொல்ல மாட்டேன். படத்தைப் போடுவேன், இடத்தைப் போட மாட்டேன்." பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா அந்த அம்மாவைப் பத்தி மட்டும் சொல்லிக்கலாமில்ல?" என்றார்.

சொல்லிவிட்டார். டாக்டரும் சொன்னார். இரண்டு நாளில் ஊரில் எந்த மறைப்புக்குப் போனாலும் என்னைப் பார்த்து இருமினார்கள். கடைத்தெருவில் நூடுல்ஸ் போடுகிறவள், "வாங்க அக்கா," என்றாள். மற்ற மறைப்புக்காரர்கள் சாயங்காலம் கடை முன்னால் சோளச் சாராயத்தோடு கூடும்போது, புது விருந்தாளி யாராவது வந்திருந்தால், "அவூ, அந்தக் கதையைச் சொல்லு," என்பார்கள். நான் சொல்லுவேன். சொல்லச் சொல்லப் பன்னிரண்டாம் நம்பர் மோசமாகிக்கொண்டே வந்தது. அட்டை பெருத்தது. குட்டை வற்றியது. மறைப்பின் ஒரு பக்கம் சரிந்தது. அந்தப் பக்கம் போகலாமா என்று கேட்டவர்கள்கூடக் கேட்பதை விட்டார்கள். ஊர் சிரித்தது. மூங்கில் குத்துக்குள்ளே சட்டி மாதிரி இருந்த அந்த வீட்டைச் சிரிப்பு ஒரு வேலி மாதிரி சுற்றி நின்றது, அது யாருக்கும் தெரியாது.

பகலில் முப்பத்தொன்றுக்குத் தண்ணீர் சுமக்கிறேன். சம்பளம் பற்றி ஆபெ இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறான்.

நேற்று சாயங்காலம் கடை முன்னால் கூட்டம் அதிகம். ஷாங்காயிலிருந்து ஒரு கும்பல். பெரிய பெரிய லென்ஸ், ஆர்வமான முகங்கள். பன்னிரண்டு எங்கே என்று ஒருவன் வரைபடத்தில் தேடவே ஆரம்பித்துவிட்டான். நான் வேகமெடுத்தேன். இந்தத் தரம் மறைப்புக்குள் ஒரு பாம்பு புகுந்தது. தூண் பருமனுக்கு, பச்சை நிறம், அசிமாவின் பூட்ஸுக்குள் சுருண்டு படுத்துவிட்டது. வரைபடம் வைத்திருந்தவன் வரைபடத்தை மடித்தான்.

அசிமா உப்பு வாங்க வந்திருந்தாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்று பாம்பு வரை கேட்டாள். உப்புப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு என்னை உரசிக்கொண்டு போகும்போது, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பாம்பு ரெண்டுன்னு சொல்லு. ஒண்ணுன்னா நம்ம பசங்க எவனாவது பிடிச்சு வறுக்கப் போயிடுவான்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஷாங்காய்க்காரர்களைப் பார்த்துத் திரும்பினேன்.

"உக்காருங்க, எங்க எழுந்திரிக்கிறீங்க? அந்தப் பாம்போட பெண்டாட்டி வந்ததை நான் இன்னும் சொல்லவே இல்லையே."